ஓலை வாசிப்பதற்கு முன் மூன்று மாலைகள்

புதன்கிழமை காலை ஐந்தே முக்கால் மணிக்குத் திருச்சி வண்டி எழும்பூரில் வந்து நின்றபோது, வெளியே பட்டணம் இருப்பதற்கான அடையாளமே இல்லை. 1934-ஆம் வருஷத்துத் தை மாதப் பனி. விளக்குக் கம்பங்களின் உச்சியில் மஞ்சளாக ஏதோ கரைந்துகொண்டிருந்தது. குதிரைகளின் கழுத்துமணி கேட்டது, குதிரைகளைக் காணவில்லை. பெட்டியையும் கூஜாவையும் பிடித்துக்கொண்டு நின்றேன். பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு தாடியும், பிறகு அதற்குரிய மனிதரும் வெளிப்பட்டார்கள். ஜட்கா வண்டிக்காரர் காதர் பாய்.

தியாகராய நகருக்குப் பன்னிரண்டணா கேட்டார். எட்டணா என்றேன்.

"மாம்பலத்துக்கா? எட்டணான்னா குதிரை ஒத்துக்கும், நான் ஒத்துக்க மாட்டேன்."

பத்தணாவுக்கு இருவரும் இறங்கி வந்தோம். நாலு மைல் தூரமும் அவர் திரும்பிப் பார்த்தே பேசிக்கொண்டு வந்தார். குதிரைக்கு வழி தெரியுமாம்.

"அங்கே இன்னாம்மா கீது? ஏரியைத் தூத்து வூடு கட்டிக்கினு கீறாங்கோ. மழை வந்தா மீனு தானே நடுவூட்டுக்கு வந்துரும். துட்டே வாணாம்."

அவர் சொன்னது பாதி உண்மைதான். பானகல் பூங்காவைச் சுற்றி வீதிகள் கோடு போட்டாற்போல் கிடந்தன. வீடுகள்தாம் இன்னும் வந்து சேரவில்லை. வீதிப் பெயர்ப்பலகை இருக்கும். அதன் பின்னால் கோரைப் புல் இருக்கும். அந்த வெறும் வீதிகளில் பனி குடியிருந்தது.

என்னை வரவழைத்தவள் லோகாம்பாள். பயிற்சிப் பள்ளியில் என்னோடு படித்தவள்; இப்போது பெண்களுக்காக ஒரு மாதப் பத்திரிகை நடத்துகிறாள். பெயர் வெளியே தெரியாத பெண்களின் வாழ்க்கையை அவரவர் வாயால் சொல்லவைத்து, சொன்னபடியே அச்சிட வேண்டுமென்பது அவள் ஆசை. காப்பி கொடுத்த கையோடு அதன் விதிகளைச் சொன்னாள். சொல்பவளும் கேட்பவளும் வயதிலும் ஜாதியிலும் தூரமாயிருக்க வேண்டும். ஒரே வீட்டார் பேசினால், தெரிந்ததுதானே என்று முக்கால்வாசியை விட்டுவிடுவார்கள். சொல்பவள் விரும்பினால் கேட்பவளைத் திருப்பிக் கேட்கலாம். எழுதுகிறவள் ஊருக்கே புதியவளாயிருக்க வேண்டும். அவள் வாயைத் திறக்கக் கூடாது.

"அதுக்கு நான்தான் கிடைத்தேனா?" என்றேன்.

"இருபத்தைந்து வருஷம் உறையூர்ப் பள்ளிக்கூடத்திலே கத்தினவளாச்சே. மூணு நாள் உன் தொண்டைக்கு ஓய்வுடி."

பிற்பகல் மூன்று மணிக்கு மயிலாப்பூருக்கு பஸ் ஏறினேன். கட்டணம் ஒரு அணா. தெப்பக்குளத்தின் மூலையில் எனக்காகக் காத்திருந்தாள் வைதேகி. வயது பத்தொன்பது. வடக்கு மாடவீதியில் வீடு, கடற்கரைக் கல்லூரியில் படிப்பு. அவள்தான் கேட்பவள். சொல்லப்போகிறவள் சாந்தோமுக்குத் தெற்கே, அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தில் இருக்கும் செபஸ்தியம்மாள், மீன் விற்பவள். லோகாம்பாள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வாடிக்கையாக மீன் கொடுப்பவள்.

குளத்திலிருந்து சாந்தோம் முக்கால் மைல். அங்கிருந்து தெற்கே மணலில் ஒரு மைலுக்குச் சற்று மேல். வழியெல்லாம் வைதேகி, தான் எப்படி அப்பாவிடம் அனுமதி வாங்கினாள் என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

"திரும்பி வர்றச்சே கொல்லைப் பக்கமா வந்து ஸ்நானம் பண்ணிட்டுத்தான் உள்ளே வரணும்னு கண்டிஷன். மூணு நாளும் ரெண்டு வேளை ஸ்நானம். நேக்கு ஜலதோஷம் வந்தா பத்திரிகையிலே போடுங்கோ."

ஆறு கடலோடு சேரும் இடத்தில் நீரின் நிறத்தைச் சொல்ல எனக்குச் சொல் கிடைக்கவில்லை. ஈயம் என்று எழுதினேன். அதற்குள் அது வெள்ளியாகிவிட்டது. கரையில் ஏற்றியிருந்த கட்டுமரத்தின் மேல், கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள் செபஸ்தியம்மாள். நாற்பது வயதுக்குச் சற்றுக் குறைவாயிருக்கலாம். சிலுவை பொறித்த தாலி, கருஞ்சிவப்புச் சேலை.

"நீங்கோ எந்த ஊர்லே பொறந்தேள்?" என்று ஆரம்பித்தாள் வைதேகி.

செபஸ்தியம்மாள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். "ஆரைக் கேக்கறே பாப்பா? நான் ஒருத்திதானே கீறேன்."

"உங்களைத்தான்."

"நீன்னே கேளு. வூட்டு வூட்டுக்கு 'ஏ மீனு'ன்னு கூப்புடறாங்கோ. நீ நீங்கோ வாங்கோன்னா எனக்கு ஜொரம் வந்துரும்."

"எங்காத்து வாசல்லே மீனே வராதே."

"அதான் உனுக்கு இம்மாம் மருவாதி. சரி, நான் தொட்டா வூட்டுக்குப் போய்க் குளிப்பியா?"

வைதேகி முகம் சிவந்து, "குளிக்கணும்" என்றாள்.

"சமுத்திரம் தொட்டா?"

"அதுக்கும் குளிக்கணும்."

செபஸ்தியம்மாள் சிரித்த சிரிப்பில் கரையிலிருந்த நாரைகள் எழுந்தன. "அப்போ நானும் சமுத்திரமும் ஒண்ணுன்னு எழுதிக்கோ டீச்சரம்மா!"

எழுதிக்கொண்டேன்.

அதன் பிறகு அவள் சொல்லச் சொல்ல, மாலை எப்படிப் போனதென்று தெரியவில்லை. இதே குப்பத்தில் பிறந்தது. பதினெட்டு வயதில் கல்யாணம். ஒரு பெண் குழந்தை, பிலோமினா. கணவன் பெயரை அவள் சொல்வதில்லை. பிலோவின் அப்பா என்ற பொருளில் 'பிலோ நைனா' என்பாள். குழந்தைக்கு நாலு வயதானபோது பிலோ நைனா ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை இறக்கப் போனார். பத்து வருஷம் போல் யார் கையிலாவது பணமும் சேதியும் வந்துகொண்டிருந்தன. நாலு வருஷத்துக்கு முன் அங்கே துறைமுகக் கூலிகளுக்குள் பெரிய அடிதடி நடந்ததே, அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

"இப்போ அதாங் கண்ணு பேஜாரு. வர்ற ஞாயித்துக்கிழமை பிலோவுக்கு மொத ஓலை."

கத்தோலிக்கக் கோவில்களில், கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை பெண் பெயரையும் பெற்றோர் பெயரையும் சபையறிய வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுமென்று கேட்பார்கள். இதற்கு ஓலை வாசிப்பது என்று பேர். தகப்பன் இறந்திருந்தால் 'காலஞ்சென்ற' என்று சேர்த்து வாசிப்பது வழக்கம். அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சனிக்கிழமை சாயங்கால மணி அடிப்பதற்குள் கோவில் சாமியாருக்கு உதவியாயிருக்கும் உபதேசியாரிடம் செபஸ்தியம்மாள் சொல்ல வேண்டும்.

"அவரு அண்ணங்காரன், பிலோ பெரியப்பன், 'செத்துட்டான்'னு மாப்ளை வூட்ல சொல்லித்தான் சம்மந்தம் பேசிக்கீறான். என்னைக் கேக்கவே இல்ல. செத்தவன் பொண்ணுன்னா பாவம்னு கட்டுவாங்கோ. ஓடினவன் பொண்ணுன்னா ஆரு கட்டுவா?"

"அப்போ அப்படியே போட்டுட்டா என்ன?" என்றாள் வைதேகி.

செபஸ்தியம்மாள் தாலியைச் சேலைக்குள் தள்ளினாள். "போட்டா இத்தை அவுக்கணும். அவுத்தவ பொண்ணு கல்யாணத்துல முன்னாடி நிக்கக் கூடாது. தாலிச் சரடைத் தொடக் கூடாது, வெளக்கேத்தக் கூடாது. பதினாலு வருசமா ஒத்தையில வளத்த பொண்ணு. நான் பின்னாடி சுவத்தோரமா நிக்கணும்."

நாங்கள் திரும்பி நடந்தபோது, ஈர மணலில் வானம் கிடந்தது. அதன் மேல் கால் வைக்கத் தயக்கமாயிருந்தது.

வியாழக்கிழமை, அதே நேரம், அதே கட்டுமரம். காற்றில்லை. கடல் தூங்குகிறவர் மார்பு போல ஏறி இறங்கியது. அன்று செபஸ்தியம்மாள் முந்திக்கொண்டாள்.

"இன்னிக்கு நீ சொல்லு. உங்க வூட்ல இதுமாதிரி வந்தா இன்னா பண்ணுவீங்கோ?"

வைதேகி மணலில் ஒரு கோடு கிழித்தாள். பிறகு, "எங்காத்துலேயே நடந்துது" என்றாள்.

அவளுடைய அத்தை, அப்பாவின் தங்கை. அத்தையின் கணவர் காசிக்குப் போகிறேன் என்று கிளம்பியவர் திரும்பவில்லை. பன்னிரண்டு வருஷம் காத்திருந்துவிட்டு, சாஸ்திரப்படி தர்ப்பையால் ஒரு உருவம் செய்து, அதற்குக் கொள்ளிவைத்துக் காரியம் பண்ணினார்கள். அத்தைக்கு அப்போது வயது இருபத்தொன்பது.

"கார்த்தாலே குங்குமம் இட்டுண்டு எழுந்திருந்தாளாம். சாயங்காலம் கொல்லையிலே நாவிதனுக்கு முன்னாடி உக்காத்தி வெச்சுட்டா. நான் அப்போ கைக்குழந்தை. இப்பவும் அவ எங்காத்துலதான் இருக்கா. சமையலுள்ளைத் தாண்டி வரமாட்டா. போன வருஷம் ஒருநாள் அப்பளம் இட்டுண்டே சொன்னா, 'அவர் காசிலே சாகலைடி, நம்மாத்துக் கொல்லையிலதான் செத்தார்'னு."

"அந்தம்மாவை ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"கேக்கலை."

"நீ கேட்டியா? இப்டி ஒக்காந்து, என்னைக் கேக்கறாப்போல?"

வைதேகி இல்லையென்று தலையாட்டினாள். பதில் பேச்சில் இல்லாததால், 'தலையாட்டினாள்' என்று அடைப்புக்குறிக்குள் எழுதினேன்.

"என்னை உபதேசியாராவது கேக்கறாரு" என்றாள் செபஸ்தியம்மாள். "அதுவே பெருசு."

வெள்ளிக்கிழமை அவள் ஐந்தரை மணி வரை வரவில்லை. வெள்ளியன்று சட்டைக்காரர் எனப்படும் ஆங்கிலோ-இந்தியர் வீடுகளில் இறைச்சி கிடையாது. அதனால் ஆழ்வார்பேட்டையிலிருந்து தேனாம்பேட்டை வரை அவளுக்கு நல்ல வியாபாரம். வந்தவள் கூடையைக் கழுவக்கூட இல்லை. வைதேகி கேட்பதற்கு முன்பே பேச ஆரம்பித்தாள்.

"அந்த ஆளு உசுரோட கீறாரு."



மூன்று வருஷத்துக்கு முன் ரங்கூனிலிருந்து திரும்பிய ஒருவன் சொன்னானாம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் டீக்கடை, பர்மாக்காரி ஒருத்தி, கையில் ஒரு குழந்தை. பிலோ நைனா அவனுக்கு ஒரு டீ கொடுத்து, காசு வாங்காமல், ஊரில் தன்னைப் பார்த்ததாகச் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டாராம். அவன் செபஸ்தியம்மாளிடம் மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த மாதமே தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டான். அவள் இதை மகளிடம்கூடச் சொல்லவில்லை.

"கோவம் வரலையா?" என்றாள் வைதேகி.

"வந்துது. அப்பால ஒருநாள் மீனு அரிஞ்சிக்கினே இருந்தப்போ, சரி, எங்கியோ ஒரு டம்ளர் டீயாவது ஆத்திக்கினு கீறாருன்னு தோணுச்சு. உசுரோட கீறவரைக் கோயிலுக்குள்ளார வெச்சு நான் எப்டி கண்ணு சாவடிப்பேன்? கீறார்னு சொன்னா பொண்ணு கல்யாணம் நின்னுரும். மாப்ளையோட ஆத்தா திரேசம்மா, வடக்குக் குப்பத்துக்காரி, மீன் சந்தையில எனக்கு எதிர்ல குந்தறவ. அவ வாய்க்கு மொத்த சந்தையும் நடுங்கும்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "டீச்சரம்மா, மூணு நாளா எழுதிக்கினு கீறியே. படி, கேப்போம்."

சொன்னதைத் திருப்பிப் படித்துக் காட்டுவது விதிக்கு உட்பட்டதுதான். வெளிச்சம் குறைந்திருந்ததால் எழுத்தைக் கண்ணருகே வைத்துப் படித்தேன். அவள் பேச்சையே அவள் பேசியபடி, கூட்டாமல் குறைக்காமல். கட்டுமரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சிரிக்கும் இடத்தில் சிரித்தாள். டீக்கடை வந்ததும் கையை நீட்டி வைதேகியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வைதேகி கையை இழுத்துக்கொள்ளவில்லை. நான் படித்து முடித்தபோது கடலும் கரையும் ஒரே கறுப்பாகிவிட்டன.

"கேட்டா, யாரோ ஒருத்தி கதை மாதிரி கீது" என்றாள். கண்ணைத் திறந்து, "இவ மேல ஒரு தப்பும் இல்லியே" என்றாள்.

பிறகு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். உபதேசியாரிடம் என்ன சொல்லப்போகிறாள் என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. அடையாற்றுக்குப் போய்ப் பெரிய ஆலமரத்தைப் பார்த்தேன். எது அடிமரம், எது விழுது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நிழலில் நடப்பது நீருக்கடியில் நடப்பது போலிருந்தது. திரும்பும்போது நாலரை மணி. ஆற்றுப் பாலத்தின் நடுவில் நின்று முகத்துவாரத்தைப் பார்த்தேன். தண்ணீரும் மணலும் ஒன்றாகக் கலங்கிய அந்த ஒளியில், வெகு தொலைவில், மணல்மேட்டின் மேல் இரண்டு பெண்கள் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இரண்டு கூடைகள். முகம் தெரியாத தூரம். ஒருத்தி கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள், மற்றவள் அசையாதிருந்தாள். பிறகு அசையாதிருந்தவள் எழுந்து தண்ணீர் வரை போனாள், நின்றாள், திரும்பி வந்து தன் கூடையை எடுத்துக்கொண்டு வடக்கே நடந்தாள். மற்றவள் அங்கேயே இருந்தாள். கடற்காற்று என் கண்ணில் நீர் வரவழைத்ததால் மேற்கொண்டு பார்க்க முடியவில்லை.

ஞாயிறு காலை ஆறரை மணிப் பூசை. குப்பத்துக் கோவில் சிறியது. பனை விட்டம், ஓட்டுக் கூரை. உள்ளே சாம்பிராணிப் புகையும் வெளியிலிருந்து நுழைந்த பனியும் கலந்து, பீடத்து மெழுகுவத்திகள் அந்தரத்தில் எரிவது போல் தோன்றின. ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம், எல்லாரும் தரையில்தான். வைதேகி வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தாளோ, பக்கவாசல் படியில் நின்றுகொண்டிருந்தாள்.

செபஸ்தியம்மாள் கடைசி வரிசையில், சுவர் ஓரமாக இருந்தாள். நான் அருகில் போய் உட்கார்ந்தேன். அதே கருஞ்சிவப்புச் சேலை. தாலி வெளியே கிடந்தது.

"நேத்து ஆத்து மேட்ல குந்தவெச்சு திரேசம்மாவாண்ட சொல்லிட்டேன்" என்று என் காதில் சொன்னாள். "டீக்கடை, கொயந்தை, எல்லாம். உங்களாண்ட ஒரு தபா சொன்னதுல வாய் பழகிடுச்சு. அப்பால நேரா உபதேசியாராண்ட போய், சும்மா பேரை மட்டும் படின்னுட்டேன்."

விதியை மறந்து நான் வாயைத் திறந்தேன். "திரேசம்மாள் என்ன சொன்னாள்?"

"சரின்னும் சொல்லல, வாணாம்னும் சொல்லல. கூடையை எடுத்துக்கினு பூட்டா."

திரேசம்மாளை எனக்குக் காட்டினாள். முன்வரிசையில், பாதி நரைத்த கொண்டையுடன், அகன்ற முதுகு. அந்த முதுகைத் தவிர வேறெதையும் நான் அந்தப் பூசையில் பார்த்ததாக நினைவில்லை.

பிரசங்கம் முடிந்ததும் சாமியார் தாளை எடுத்தார். மாப்பிள்ளையின் பெயரும் அவன் பெற்றோர் பெயரும் வந்தன. பிறகு, "இந்தக் குப்பத்தைச் சேர்ந்த சவரிமுத்து, செபஸ்தியம்மாள் இவர்களுடைய மகள் பிலோமினா." மூன்று நாளாகப் பிலோ நைனாவைப் பற்றி எழுதியும் அவர் பெயரை அப்போதுதான் கேட்டேன். 'காலஞ்சென்ற' என்ற சொல் இல்லை. ஆண்கள் பக்கத்தில் பிலோவின் பெரியப்பன் தலை சட்டென்று நிமிர்ந்தது. பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது.

"இவர்கள் விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடவார்கள்."

திரேசம்மாள் எழுந்தாள்.

கோவில் முழுவதும் அவளைப் பார்த்தது. சாமியாரே தாளைத் தாழ்த்தினார். அவள் பீடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி, உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே வழி பண்ணிக்கொண்டு, நேரே கடைசி வரிசைக்கு வந்து நின்றாள். செபஸ்தியம்மாளின் கை என் முழங்கையை நெரித்தது.

"தள்ளிக் குந்து" என்றாள் திரேசம்மாள். சந்தையில் பேசுகிற குரல்தான். கோவில் முழுவதும் கேட்டது. "சம்மந்தியை இங்க சுவத்தோரம் ஒக்கார வெச்சுட்டு நான் மட்டும் முன்னாடி குந்திக்கினு கீறேன்."

அவள் உட்கார்ந்தாள். சாமியார் அடுத்த ஓலையை வாசித்தார்.

வெளியே வந்தபோது பனி விலகிக் கடல் முழுவதும் தெரிந்தது. வைதேகி செபஸ்தியம்மாளிடம் என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. அவர்களுக்குள் மூன்றாவது ஆள் வேண்டியிருக்கவில்லை. போகும்போது என்னிடம் மட்டும், "இன்னிக்கு அத்தையைக் கேக்கப் போறேன். நீங்கோ எழுத வேண்டாம்" என்றாள். செபஸ்தியம்மாள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: மூன்றாவது ஓலையும் வாசித்த பிறகுதான் அச்சில் வர வேண்டும். அது வாசித்தாயிற்று.

அன்று இரவே எழும்பூரில் வண்டி ஏறினேன். மூன்றாம் வகுப்பு, ஜன்னல் ஓரம். உறையூரில் என் வீட்டு வலப்பக்கத்து வீட்டில் பத்தமடைப் பாய்க்காரர் குடும்பம் இருக்கிறது. சுவர் ஒன்றுதான். அவர்கள் வீட்டில் தாளிப்பது என் வீட்டில் மணக்கும். யாருக்கு இருமல் என்றுகூட எனக்குத் தெரியும். ஆனால் பாய்க்காரரின் மனைவி எந்த ஊரில் பிறந்தாள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. செபஸ்தியம்மாளைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட அந்த அம்மாளைப் பற்றித் தெரியாது. இதில் விசேஷம் ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான். செங்கல்பட்டு ஏரி நிலவில் வந்து, வெகு நேரம் கூடவே ஓடி, நின்றுபோயிற்று. அந்த அம்மாளிடம் முதலில் எதைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.